நகரமன்றத்து நாயகர் பிரோஸ்ஷா மேத்தா

நம் சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகள் கற்றுப் பட்டம் பெறுதல் இக்காலத்தில் அரிய செயலன்று. பட்டம் பெற்ற மகன் வழக்கறிஞனாகலாம், மருத்துவனாகலாம், கடல் கடந்து சென்று பொருளீட்டலாம். இவற்றுக்கெல்லாம் பெற்றோர் மனமுவந்து இசைகின்றனர். ஆனால் அவனே ஒருநாள், நம் ஊர் வார்டில் உறுப்பினனாக நிற்க எண்ணியிருக்கிறேன் என்று வாய் திறப்பானாயின் வீடு அல்லோலகல்லோலப்படுகின்றது. சாக்கடைக்கும் குப்பைக்கும் மன்றாடுவதற்கோ இத்துணைப் பொருள் செலவிட்டுப் படிக்க வைத்தோம் என்று தந்தையார் வருந்துகின்றார். அரசியலிற் புகுவதாயின் சட்டசபைக்கே புகலாமே, இச்சிறு பதவி எதற்கு என்று மாமன்மார் அறிவுரை கூறுகின்றனர். மகள் அவ்வாறு கேட்டுவிட்டாலோ சொல்லவே வேண்டுவதில்லை.

ஊர்ச் சாக்கடையையும் ஊர்க் குடிநீரையும் ஊர்க் கணக்கையும் தம் வாழ்நாட்பணியாகக் கொண்டு, அதனாலேயே பெரும்புகழ் எய்திய ஒருவர் வரலாற்றை இவ்விதழில் எழுதப் புகுகின்றோம். அவர்தாம் பம்பாய் நகரத்துச் சர் பிரோஸ்ஷா மேத்தா. காங்கிரஸ் மகாசபையின் தொடக்ககாலத் தலைவருள் ஒருவராக அவரைப் பலரும் அறிவர். அவர் இருபத்தாறு வயதில் தம் நகரத்தார் அனைவரையும் எதிர்த்து நின்ற கதையை அறிந்தார் சிலரே.

மேத்தா 1845ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 4ஆம் நாள் பம்பாயிற் பிறந்தார். பார்ஸி வகுப்பினர். பாரசீகத்தினின்று பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் வந்து குஜராத்துக் கரையிற் குடியேறிய அவ்வகுப்பு, தொகையால் மிகச் சிறியது. வாணிகத்தாலும் கொடையாலும் பெரியது. தந்தையார் வணிகர், தாம் மிகுதியாகக் கற்றிலராயினும் கல்வியிற் பற்றுடையவர். வேதியியல் நூலொன்றைக் குஜராத்தி மொழியில் ஆக்கினார் என்பதனால் அவர் மனப்பாங்கு விளங்கும். மேத்தா எல்பின்ஸ்டன் கல்லூரியிற் பயின்று 1864இல் பி.ஏ. பட்டமும், ஆறு மாதங்களுக்குள் எம்.ஏ. பட்டமும் பெற்றார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. தேறிய பார்ஸிகளுள் இவரே முதல்வர்.

அக்காலத்தில் ருஸ்தம்ஜி ஜாம்செட்ஜி ஜீஜிபாய் என்னும் பார்ஸிச் செல்வர், இந்திய வாலிபர் சிலர் இங்கிலாந்து சென்று பாரிஸ்டராகத் தேறும் பொருட்டு ஒரு பெருந்தொகையை உதவினார். அவ்வுதவி பெற்றோருள் மேத்தா ஒருவர். பிறிதொருவர் பின்னாளில் முதற் காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்த வங்காளத்து உமேசசந்திர பானர்ஜி. கொடுத்தவர் பார்ஸி, பெற்றவர் வங்காளி என்பதை அன்பர்கள் உற்றுநோக்க வேண்டும். நம் சங்கத்துக் கல்விநிதியை நம்மவர்க்கன்றிப் பிறர்க்கும் சிறிது திறந்துவிடலாம் என்று யாம் ஆண்டுக் கூட்டங்களிற் கூறிவருவதற்கு இதுவும் ஒரு காரணம். அது நிற்க.

மேத்தா லண்டனில் லிங்கன்ஸ் இன் என்னும் சட்டச்சாலையில் பயின்றார். பெரியார் தாதாபாய் நவுரோஜியின் தொடர்பு அங்கு வாய்த்தது. அவர் 1866இல் நிறுவிய கிழக்கிந்தியச் சங்கத்தின் கூட்டங்களிற் பொதுவாழ்வின் முறைமைகளை மேத்தா கற்றுக்கொண்டார். 1868இல் பாரிஸ்டராகித் தாய்நாடு திரும்பியபொழுது வயது இருபத்து மூன்று.

திரும்பி வந்த நகரம், விட்டுச்சென்ற நகரமாக இல்லை. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது. அந்நாட்டுப் பஞ்சு இங்கிலாந்து ஆலைகளுக்குச் செல்லவில்லை. ஆலை முதலாளிகள் இந்தியப் பஞ்சுக்குக் கைநீட்டினர். பம்பாயிற் பொன் மழையெனப் பொழிந்தது. கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகளும், பாங்குகளும் நாள்தோறும் முளைத்தன. அவற்றின் பங்குகளை வாங்கி விற்பதே ஊரார் தொழிலாயிற்று. 1865இல் போர் முடிந்தது. பஞ்சு விலை சரிந்தது. ஒரே ஆண்டிற் பம்பாயின் பெருவணிக இல்லங்கள் பல ஒன்றன்மேலொன்றாக வீழ்ந்தன. மேத்தாவை இங்கிலாந்துக்கு அனுப்பிய ஜீஜிபாயின் செல்வமும் அவ்வெள்ளத்திற் போயிற்று.

அந்த 1865ஆம் ஆண்டிலேயே பம்பாய் நகரத்துக்குப் புதுச்சட்டம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. நகர பரிபாலனம் முழுவதும் முனிசிபல் கமிஷனர் என்னும் ஓர் அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவரை மேற்பார்க்க வேண்டியவர் ஜஸ்டிஸ் ஆப் தி பீஸ் என்னும் பட்டமுடையோர். இவர்களைச் சர்க்காரே நியமித்தது. ஊரார்க்கு அதில் யாதொரு கையுமில்லை. பட்டத்தைப் பெருமைக்கெனக் கொண்டவர் பலர். கூட்டத்துக்கு வந்து கணக்கைப் பார்த்தவர் சிலர்.

முதற் கமிஷனராக வந்தவர் ஆர்தர் கிராபோர்டு. அவர் கையில் நகரம் மாறியது என்பதிற் பொய்யில்லை. நாற்றமெடுத்த சந்துகள் துப்புரவாயின, சாலைகள் அகன்றன, 1869இல் அவர் பெயரால் அமைந்த பெரிய அங்காடி, ஜோதிபா புலே அவர்கள் பெயர் தாங்கி இன்றும் நிற்கின்றது. ஆனால் அவர் பணத்தை எண்ணிச் செலவிட்டவரல்லர். திட்டமிட்ட தொகை ஒன்று, செலவான தொகை வேறொன்று; கடன் ஏறியது; அதற்கேற்ப வரியும் ஏறியது. பஞ்சு வாணிகம் வீழ்ந்து, வீட்டு வாடகை குறைந்து, கையிற் காசில்லாத வேளையில் வரி ஏறினால் ஊரார் பொறுப்பரோ? 1871இல் வரி கொடுப்போர் வெகுண்டெழுந்தனர். கமிஷனரை ஒழிக்கவேண்டும், தனியொருவரிடம் அதிகாரம் இருத்தலாகாது, ஜஸ்டிஸ்மாருள் ஒரு சிலர் கொண்ட குழுவே நகரத்தை நடத்த வேண்டும் என்பது எங்கும் எழுந்த கூக்குரல்.

அந்த ஆண்டு பிராம்ஜி கவாஸ்ஜி மண்டபத்தில் நகர சீர்திருத்தம் பற்றி மேத்தா ஒரு கட்டுரை படித்தார். மண்டபம் நிறையக் கூடியிருந்தவர் எல்லாரும் கமிஷனர் மேற் சினங்கொண்டவர்கள். இளம் பாரிஸ்டர் ஒருவர் மேடையேறினால் அச்சினத்துக்கு நெய் வார்ப்பார் என்பதே அவர்கள் எதிர்பார்ப்பு. கைதட்டல் பெறுதற்கு அதைவிட எளிய வழியுமில்லை. மேத்தா அதைச் செய்யவில்லை.

அவர் எடுத்துக்காட்டிய பொருளை நம் சொல்லிற் சுருக்குவோம். கிராபோர்டு செலவாளி என்பது மெய்யே. அவரைத் துரத்திவிட்டால் மட்டும் நோய் தீராது. செலவைத் தடுக்க வேண்டியவர் ஜஸ்டிஸ்மார், அவர்கள் உறங்கினர். ஏன் உறங்கினர்? அவர்களை நியமித்தது சர்க்கார். வரி கொடுப்போர்க்கு விடைசொல்லும் கடமை அவர்கட்கு இல்லை. அத்தகையோர் குழுவிடமே செயல் அதிகாரத்தையும் கொடுத்தால் கேடு இரட்டிக்கும். குழு செய்யும் தவற்றுக்கு எவரையும் சுட்டிப் பொறுப்பாக்க இயலாது. ஆதலின் செயலாற்றுவோன் ஒருவனாகவே இருக்கட்டும். அவனுக்குத் தக்க அதிகாரமும் இருக்கட்டும். ஆனால் அவனை வினவவும், பணத்தை அளந்து கொடுக்கவும், கணக்கைத் தணிக்கை செய்யவும் வல்ல மன்றம் ஒன்று, வரி கொடுப்போராலேயே தேர்ந்தெடுக்கப்பட்டு அமைய வேண்டும். இதுவே அவர் கூறியது.

கேட்டவர்களுக்குக் கமிஷனரின் பதவி நீங்காது என்பது மட்டுமே செவியிற் பட்டது. தேர்தல் என்ற பேச்சு அவர்களுக்குப் புதுமை. அதன் பொருளை நின்று எண்ண ஒருவரும் அணியமாக இல்லை. கூச்சலும் ஏளனமும் எழுந்தன. கூட்டம் குழப்பத்தில் முடிந்தது. வழக்குகளே மிகுதியாக வாராத புதுப் பாரிஸ்டர், வழக்குக் கொடுக்கக்கூடிய செல்வர் அனைவரையும் ஒரே மாலையிற் பகைத்துக்கொண்டார் என்று உலகியலறிந்தோர் கருதியிருப்பர். யாமும் அம்மண்டபத்தில் வரி உயர்ந்த வீட்டுக்காரராக அமர்ந்திருந்தால் கைதட்டியிருப்போமோ என்பது ஐயமே.

அடுத்த ஆண்டே, 1872இல், சர்க்கார் நிறைவேற்றிய புதுச்சட்டத்தில் மேத்தா சொன்னவற்றின் சாரம் பெரும்பாலும் இடம்பெற்றது. கமிஷனர் இருந்தார், அவருக்கு மேல் 64 உறுப்பினர் கொண்ட மன்றம் அமைந்தது. அவருள் 16 பேர் சர்க்கார் நியமனம். 16 பேர் ஜஸ்டிஸ்மாரால் தெரிவு. எஞ்சிய 32 பேர், அஃதாவது சரிபாதியினர், வரி கொடுப்போர் வாக்கால் வந்தவர். மன்றம் 1873இற் கூடியது. ரிப்பன் பிரபுவின் புகழ்பெற்ற ஸ்தல சுயஆட்சித் தீர்மானம் 1882இல் வந்தது. பம்பாய் நகரத்தார் அதற்கு ஏறத்தாழப் பத்தாண்டு முன்னரே வாக்களித்துப் பழகிவிட்டனர்.

மேத்தா அம்மன்றத்திற் புகுந்தார். புகுந்தவர் இறக்குமளவும் அதனை விடவில்லை, நாற்பதாண்டுக்கு மேல். இதைச் சொல்லுவது எளிது. அந்நாற்பதாண்டில் அவர் சட்டசபை உறுப்பினராயினார்; 1885இல் தெலங், பத்ருதீன் தியாப்ஜி என்னும் நண்பரோடு சேர்ந்து பம்பாய் மாகாணச் சங்கத்தை நிறுவினார்; 1890இல் கல்கத்தாக் காங்கிரஸுக்குத் தலைமை வகித்தார்; வைசிராயின் சட்டசபையில் அமர்ந்து அதிகாரவர்க்கத்தை நடுங்க வைத்தார்; 1904இற் சர் பட்டம் பெற்றார்; 1911இற் சென்ட்ரல் பாங்குக்கு முதல் தலைவரானார்; 1913இல் பம்பாய் கிரானிகிள் பத்திரிகையைத் தோற்றுவித்தார். இவற்றுள் ஒன்றே போதும், மற்றொருவராயின் வார்டு வேலையை மறந்துபோவதற்கு. அவரோ வைசிராய் சபையிற் பேசிவிட்டு வந்து, குழாய் ஒப்பந்தத்தையும் துப்புரவுச் செலவையும் பற்றிய காகிதங்களைக் கையிலெடுத்து மன்றத்தில் அமர்ந்தார். மாமன்மார் சிறிய பதவி என்கின்றனரே, அச்சிறிய பதவியை ஏணிப்படியாக மிதித்து மேலேறியவரல்லர் அவர்.

1884இலும் 1885இலும் மன்றத்தின் தலைவராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். ஆயினும் அவர் செய்த பணிகளுள் தலையாயது 1888ஆம் ஆண்டுச் சட்டமே. அதற்கு முந்திய ஆண்டு சர்க்கார் கொணர்ந்த மசோதா, கமிஷனர் கையை வலுப்படுத்தி மன்றத்தை மெலிவித்தது. மேத்தா அப்பொழுது பம்பாய்ச் சட்டசபையில் நியமன உறுப்பினர். தெலங்கும் உடனிருந்தார். இருவரும் விதி விதியாக வாதிட்டு அதனைத் திருத்தினர். உறுப்பினர் தொகை 72 ஆயிற்று. வார்டுகளால் தெரிவாவோர் 36 பேர். பன்னிருவர் கொண்ட நிலைக்குழு ஒன்று ஒப்பந்தங்களையும் செலவுகளையும் காக்கும் வாயிலாக அமைந்தது. உறுப்பினரிற் பெரும்பகுதியினர் ஒன்றுகூடி வாக்களித்தால் கமிஷனரைச் சர்க்கார் நீக்கியே ஆகவேண்டும் என்ற விதியும் எழுதப்பட்டது. 1871இற் கூச்சலிடையே படித்த கட்டுரை பதினேழு ஆண்டு கழித்துச் சட்டமாக முழுவடிவம் பெற்றது என்னலாம். பலமுறை திருத்தப்பட்டும், மும்பை மாநகராட்சி இன்றும் அந்த 1888ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே நடைபெறுகின்றது. 1892இல் தான்சா ஏரி நீர் நகரத்துக்கு வந்ததும் அம்மன்றத்தார் காலத்ததே.

நகரமன்றத்தின் மதிப்பைத் தம் மதிப்பினும் மேலாக அவர் காத்தார். 1905இல் இங்கிலாந்து இளவரசர் பம்பாயில் வந்திறங்கினார். அவ்வாண்டு மேத்தா மீண்டும் மன்றத் தலைவர். துறைமுகத்தில் இளவரசரை எதிர்கொள்ளும் நிகழ்ச்சியில் மன்றத் தலைவர்க்கு உரிய இடம் தரப்படவில்லை. நகரத்தார் பொருளால் நகரத்தார் பெயரால் நடக்கும் வரவேற்பில் நகரத்தார் தலைவர்க்கு இடமில்லையாயின் வரவேற்பிலேயே மன்றம் கலந்துகொள்ளாது என்று அவர் உறுதியாக நின்றார். சர்க்கார் இணங்கியது.

இத்தகையவரை அதிகாரிகள் எவ்வளவு நாள் பொறுப்பர்? 1907இல் ஆங்கில அதிகாரிகளும் அவர்தம் நண்பரும் ஒன்றுகூடி, அவரை மன்றத்தினின்று அகற்றத் திட்டமிட்டனர். ஜஸ்டிஸ்மார் தெரிவு செய்யும் இடங்கள் 16. வாக்குகளை எண்ணியபொழுது மேத்தா பதினேழாமவராக நின்றார். முப்பதாண்டுக்கு மேல் நகரத்தை நடத்தியவர் ஓரிடத்தால் தோற்றார். நகரமே கொதித்தது. வழக்கும் நடந்தது, அவர் சார்பில் வாதிட்டவர் முப்பது வயதளவினரான ஓர் இளம் பாரிஸ்டர், முகம்மது அலி ஜின்னா. அவ்வழக்கிற் கருதிய வெற்றி கிட்டவில்லை. ஆயினும் வென்ற பதினாறு பேருள் ஒருவரது தெரிவு செல்லாதென்று ஆனமையால், பதினேழாமவர் உள்ளே வந்தார். அறுபத்தோராம் வயதிலும் மேத்தா அந்நாற்காலியை அற்பமென்று விட்டு நீங்கவில்லை.

குறை கூறாது ஒருவர் வரலாற்றை முடித்தல் புலவர்க்குப் பழக்கம், வரலாற்றுக்கு அழகன்று. மேத்தா பிறர் கருத்துக்கு எளிதில் வளைபவரல்லர். மன்றத்தில் அவர் குரலே குரலாயிற்று என்றும், முடிசூடா மன்னராக நடந்தார் என்றும் கூறியோர் பகைவர் மட்டுமல்லர். 1907இற் சூரத்துக் காங்கிரஸ் பிளவுற்றபொழுது திலகர் கூட்டத்தாரிடம் அவர் காட்டிய கடுமையை இன்று பலரும் ஏற்கார். இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. அவர் வாங்கிக்கொடுத்த வாக்குரிமை வரி கொடுப்போர்க்கே உரியது. பஞ்சாலைகளில் உழைத்து, சிற்றறைகளில் நெருங்கிக் கிடந்த தொழிலாளர் எவர்க்கும் வாக்கில்லை. 1896இற் பிளேக்கு நோய் வந்தபொழுது மிகுதியாக மாண்டவர் அத்தகைய ஏழையரே. அவர் காலத்து மன்றத்தில் பெண்மணி ஒருவரும் அமர்ந்ததில்லை. கதவைத் திறந்தவர் அவர், பாதியே திறந்தார்.

நம்மவர்க்குச் சிறப்பாகச் சொல்லவேண்டுவது ஒன்று. மேத்தா பார்ஸி. அவ்வகுப்பாரிடம் பொருளும் செல்வாக்கும் இருந்தன. ஆயினும் நகரமன்றத்தில் அவர் பார்ஸிகளின் வக்கீலாக இருந்திலர். நம் சங்கத்தில் உள்ளாட்சித் தேர்தல் வரும்பொழுதெல்லாம், இந்த வார்டில் நம்மவர் வாக்கு இத்தனை, ஆகவே நம்மவர் ஒருவர் நிற்கவேண்டும் என்ற கணக்கு எழுகின்றது. அக்கணக்கைப் போடும் பெரியவர்களிடம் யாம் மதிப்புடையேம். ஆனால் நிற்கின்ற பிள்ளைக்கு நகராட்சியின் வரவு செலவுக் கணக்குத் தெரியுமா என்ற வினாவையும் உடன் கேட்பதில் தவறில்லை அன்றோ? அது தெரியாதவன் வென்றால், நம்மவன் என்ற பெயரோடு ஐந்தாண்டு கையொப்பமிட்டு வருவான். பழைய ஜஸ்டிஸ்மார் அதைத்தான் செய்தனர்.

1915ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 5ஆம் நாள், எழுபதாம் வயதில், மேத்தா உலக வாழ்வை நீத்தார். 1923இல் நகரமன்ற மாளிகைக்கு முன்னர் அவர் சிலை நாட்டப்பட்டது. மலபார்க் குன்றின்மேலுள்ள பூங்கா அவர் பெயர் கொண்டது. ஆனால் அம்மாளிகையில் 2022 மார்ச்சு மாதம் உறுப்பினர் பதவிக்காலம் முடிந்தபின் மூன்றாண்டுக்கு மேல் தேர்தல் நடைபெறவில்லை. சர்க்கார் அமர்த்திய அதிகாரி ஒருவரே நகரத்தை நடத்தினார். 1865ஆம் ஆண்டு நிலைமையே மீண்டதென்னலாம். நம் தமிழ்நாட்டைச் சொன்னால் அதுவும் பெருமைக்குரியதன்று. 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. நகரங்களுக்குத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19ஆம் நாள். இடையில் ஐந்தாண்டுக்கு மேல் நம் தெருக் குழாய்க்கும் விளக்குக்கும் எவரிடம் முறையிட்டோம் என்பது அன்பர்க்கு நினைவிருக்கும்.

சட்டசபைக்கு நிற்க 25 வயது நிரம்பவேண்டும். உள்ளாட்சி மன்றத்துக்கு 21 போதும். தமிழ்நாட்டில் இடங்களிற் பாதி பெண்டிர்க்கு ஒதுக்கப்பட்டுள்ளது. ஆதலின் நிற்க விரும்பும் வாலிபரும் மகளிரும் வேட்பாளர் பட்டியல் வெளியாகும் நாள்வரை காத்திராமல், தம் நகராட்சியின் அல்லது ஊராட்சியின் சென்ற ஆண்டு வரவு செலவுக் கணக்கை இப்பொழுதே கேட்டு வாங்கலாம். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பித்தால் முப்பது நாளுக்குள் விடை தருதல் அலுவலர் கடமை. படிகளுக்குப் பக்கக் கணக்கில் சிறு தொகை தனியே செலுத்த நேரும். விண்ணப்பம் எழுதத் துணை வேண்டுவோர் ஞாயிற்றுக்கிழமை மாலையிற் சங்கக் கட்டிடத்துக்கு வரலாம். கணக்குப் புத்தகம் படித்துப் பழகிய முதியோர் இருவர் அங்கிருப்பர், யாமும் இருப்போம்.